பாயும் கண்ணுக்குத் தெரியாமல் இலக்கை நகர்த்துதல்: காட்பாடிப் பட்டறையில் கட்டிய ஒரு கருவி

கறுப்பு அடித்த நீளமான பிளைவுட் பட்டை ஒன்று. அதன் நடுவில் ஒரு சிவப்பு எல்.இ.டி. வலப்பக்கம் 7 சென்டிமீட்டரில் ஒன்று, 10 சென்டிமீட்டரில் ஒன்று. இடப்பக்கம் 10 சென்டிமீட்டரில் இன்னொன்று. பட்டைக்கு எதிரே 57 செ.மீ. தள்ளி, தாடையை ஊன்றிக்கொள்ள ஒரு தாங்கி. உட்காருகிறவரின் கண்ணோரம் இரண்டிலும் ஈ.சி.ஜி. எடுக்கும்போது மார்பில் ஒட்டுவார்களே, அதே எலெக்ட்ரோடு.

அவர் நடு விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார். அது அணையும், வலது 10 எரியும். கண் அதை நோக்கிப் பாயும். பாய்ந்துகொண்டிருக்கும்போதே, ஆர்டுயினோ என்ற நிரல் எழுதி ஓட்டும் சின்னக் கணினிப் பலகை 10-ஐ அணைத்துவிட்டு 7-ஐ எரியவிடும். பார்க்கிறவருக்கு இந்த மாற்றம் தெரியவே தெரியாது. இதையே விடாமல் செய்துகொண்டிருந்தால், சில டசன் பாய்ச்சல்களுக்குப் பிறகு, 10-ல் விளக்கு எரிந்தாலும் கண் 10 வரை போகாமல் எட்டுக்குப் பக்கத்திலேயே இறங்கத் தொடங்குகிறது. அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவரும் எதையும் முயலவில்லை. மூளை தன் அளவைத் தானே திருத்திக்கொண்டது. அந்தத் திருத்தத்தை ஒரு கணினித் திரையில் புள்ளி புள்ளியாக இறங்குவதாகப் பார்க்கலாம். அதற்காகத்தான் இதைக் கட்டினேன்.

நான் வேலூரை அடுத்த காட்பாடியில் ஸ்டெபிலைசர், யு.பி.எஸ். சர்வீஸ் செய்கிறவன். ஸ்டெபிலைசர் வேலையே வெளியே வரும் வோல்ட்டேஜைப் பார்த்து உள்ளே திருத்துவதுதான். ஆனால் கண்ணின் பாய்ச்சலில் அந்த வகைத் திருத்தத்துக்கு நேரமே இல்லை என்று படித்ததிலிருந்து இந்த விஷயம் என்னை விடவில்லை.

நேரக் கணக்கைப் பாருங்கள். நாம் விழித்திருக்கும்போது நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை கண் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவுகிறது. இந்தத் தாவலைத்தான் சாக்கேட் என்கிறார்கள். 10 டிகிரி தாவலுக்கு ஆகும் நேரம் சுமார் 45 மில்லி நொடி. வேகம் நொடிக்கு 300, 400 டிகிரியைத் தொடும். பெரிய தாவல்களில் 500-ஐயும் தாண்டும். விழித்திரையில் விழுந்த படம் மூளையில் அலசப்பட்டு கண் தசைக்கு உத்தரவாகத் திரும்பி வர இதைவிட அதிக நேரம் பிடிக்கும். ஆக, தாவல் தொடங்கிய பிறகு பார்த்துப் பார்த்துத் திருத்த முடியாது. மாங்காய் அடிக்க எறிந்த கல் மாதிரிதான். கையை விட்ட பிறகு குறி மாற்ற வழியில்லை. அடுத்த கல்லில்தான் மாற்றலாம்.

ஆனால் கண்ணைச் சுழற்றும் ஆறு தசைகளும் ஒரே மாதிரி இருப்பதில்லை. குழந்தை வளர்கிறது, கண் பெரிதாகிறது. வயதாகிறது, தசை தளர்கிறது. கண்ணாடி மாறுகிறது. அப்படியும் எண்பது வயதில் ஒருவர் பத்திரிகை வாசிக்கும்போது ஒவ்வொரு தாவலும் வேண்டிய சொல்லுக்குப் பக்கத்தில்தான் இறங்குகிறது. அப்படியானால் யாரோ உள்ளே உட்கார்ந்து ஒவ்வொரு எறிதலுக்குப் பிறகும் எவ்வளவு தவறியது என்று பார்த்து அடுத்ததைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். இதை ஆய்வகத்தில் பிடித்துக் காட்டும் வழியை மெக்லாஃப்லின் என்ற ஆய்வாளர் 1967-ல் கொடுத்தார்: கண் பாய்கிறபோது இலக்கை நகர்த்திவிடு, மூளை தன் எறிதலில்தான் பிழை என்று நம்பிவிடும். என் பலகை செய்வது அதையேதான்.

இலக்கு நகர்ந்தது ஏன் தெரியவில்லை? தாவலின்போது படம் விழித்திரையில் படுவேகமாக ஓடுகிறது; அந்த நேரத்தில் மூளை பார்வையை அடக்கி வைக்கிறது. கண்ணாடி முன் நின்று உங்கள் இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். கண் நகர்வதை ஒருபோதும் பார்க்க மாட்டீர்கள். பக்கத்தில் நிற்பவருக்கு நன்றாகத் தெரியும். தாவலின் அளவில் ஒரு பங்கு, ஏறக்குறைய மூன்றில் ஒன்று வரைகூட, இலக்கு இடம் மாறினாலும் பெரும்பாலும் நமக்கு உறைப்பதில்லை.

இனி வேலைக்கு வருகிறேன்.

முதலில் யோசித்தது வெப் கேமரா. நொடிக்கு 30 படம் என்றால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 33 மில்லி நொடி. 45 மில்லி நொடி தாவலின் நடுவில் இலக்கை மாற்ற அது ஆகாது. ஆய்வகங்களில் வேறு வழிகள் உண்டு. பொறியியல் படித்து வந்த டேவிட் ராபின்சன் 1963-ல் கண்ணின் மேல் ஒட்டும் கான்டாக்ட் லென்ஸில் மெல்லிய கம்பிச்சுருளைப் புதைத்து, காந்தப்புலத்தின் நடுவே ஆளை உட்காரவைத்து, சுருளில் தூண்டப்படும் மின்னழுத்தத்தைக் கொண்டு கண்ணின் கோணத்தை அளந்தார். டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுகிற எனக்கு அதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. ஆனால் வீட்டுப் பிள்ளைகளின் கண்ணில் கம்பிச்சுருள் வைக்கும் வேலை எனக்கு வேண்டாம்.

மிச்சமிருந்தது கண்ணின் சொந்த மின்சாரம். கண் ஒரு சின்ன பேட்டரி. முன்பக்கம் கார்னியா பாசிட்டிவ், பின்பக்கம் நெகட்டிவ். ஜெர்மன் உடலியலாளர் டு புவா-ரேமண்ட் இதை 1849-லேயே கண்டுபிடித்துவிட்டார். கண் வலப்பக்கம் திரும்பினால் வலது கண்ணோரத் தோலில் வோல்ட்டேஜ் கொஞ்சம் ஏறும், இடப்பக்கம் இறங்கும். ஒரு டிகிரிக்கு 10 முதல் 20 மைக்ரோவோல்ட். 10 டிகிரி தாவலுக்கே 0.15 மில்லிவோல்ட் அளவுதான். இதைப் பிடித்துப் பெருக்குவதில்தான் பாதி உழைப்பு போனது.

எலெக்ட்ரோடுகள் நம் ஊரில் பிரச்சினையே இல்லை. வேலூர் ஐடா ஸ்கடர் சாலையில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) மருத்துவமனைக்கு எதிரே உள்ள சர்ஜிக்கல் கடைகளில் பாக்கெட்டாகக் கிடைக்கின்றன. வெள்ளி, வெள்ளி குளோரைடு பூச்சும் ஜெல்லும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். சென்னை ரிச்சி தெருவிலிருந்து வாங்கி வந்தது, இரண்டு எலெக்ட்ரோடுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைப் பெருக்கும் ஏடி 620 ஐ.சி. ஒன்றுதான். மற்றதெல்லாம் பட்டறையிலேயே இருந்தது.

ஏடி 620-க்கு கெயின், அதாவது எத்தனை மடங்கு பெருக்குவது என்பதைக் கொடுக்கும் ரெசிஸ்டர் 2.2 கே. அதன் சூத்திரப்படி 49.4-ஐ 2.2-ஆல் வகுத்து ஒன்றைக் கூட்டினால் சுமார் 23.5 மடங்கு. முதல் கட்டத்திலேயே ஆயிரம் மடங்கு வைக்கலாமே என்று தோன்றும். வைக்கக் கூடாது. தோலும் ஜெல்லும் சேர்கிற இடத்தில் எப்போதும் பல மில்லிவோல்ட் நிலையான வித்தியாசம் இருக்கும். அதையும் ஆயிரம் மடங்கு பெருக்கினால் அவுட்புட் ஒரு ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். எனவே முதலில் குறைவாகப் பெருக்கி, பிறகு 1 மைக்ரோஃபாரட் துருவமில்லாத கெப்பாசிட்டரும் 3.3 மெகா ஓம் ரெசிஸ்டரும் கொண்டு அந்த நிலையான பகுதியை வெட்டிவிட்டு, அடுத்த கட்டத்தில் 83 மடங்கு. மொத்தம் ஏறக்குறைய 1950. ஒரு டிகிரி தோராயமாக 29 மில்லிவோல்ட் ஆகிறது. ஆர்டுயினோ வோல்ட்டேஜை எண்ணாக்கிப் படிக்கும்போது அது ஆறு எண்.

இரண்டாம் கட்டத்துக்கு டிஎல் 072 என்ற பெருக்கி ஐ.சி. போட வேண்டும். எல்லோர் டப்பாவிலும் இருக்கும் எல்எம் 358 இங்கே உதவாது. அதன் இன்புட் பல பத்து நானோ ஆம்பியர் இழுக்கும், 3.3 மெகா ஓமில் அது நூறு மில்லிவோல்ட் பக்கம் போய், 83 மடங்கில் அவுட்புட் சாய்ந்துவிடும். டிஎல் 072-இன் இன்புட்டில் ஃபெட் வகை டிரான்சிஸ்டர் இருப்பதால் இழுப்பு மிக மிகக் குறைவு. அதில் இரண்டு ஆப்-ஆம்ப் (பெருக்கி) இருப்பது இன்னொரு வசதி: ஒன்று பெருக்க, இன்னொன்று ஆர்டுயினோவின் 5 வோல்ட்டைப் பாதியாக்கி 2.5 வோல்ட் நிலையைத் தாங்கிப் பிடிக்க. 3.3 மெகாவின் கீழ்முனையையும், பெருக்கும் கட்டத்தின் 1 கே ரெசிஸ்டரின் கீழ்முனையையும் இந்த 2.5-இல் கட்டினால், சிக்னல் 0-வுக்கும் 5-க்கும் நடுவில் உட்கார்ந்துகொள்ளும். கடைசியாக 47 கே, 0.1 மைக்ரோஃபாரட். 34 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதைத் தணிக்கும் வேலையும், ஆர்டுயினோவின் இன்புட் காலைக் காக்கும் வேலையும் இதற்கே. கூடவே இரண்டு 4148 டயோடு.

பாதுகாப்பு பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். ஆள் தலையில் ஒட்டும் எதுவும் மெயினோடு எந்த வழியிலும் சேரக் கூடாது. இரண்டு 9 வோல்ட் பேட்டரியில்தான் சர்க்யூட் ஓடுகிறது. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்ட பிறகே யு.எஸ்.பி. குத்துவேன், ஸ்விட்சை அணைத்தால் போதும் என்று விடுவதில்லை. ஒவ்வொரு எலெக்ட்ரோடு வயரிலும் 100 கே ரெசிஸ்டர். ஐ.சி. உள்ளுக்குள் ஷார்ட் ஆனாலும் 18 வோல்ட்டில் 0.18 மில்லி ஆம்பியருக்கு மேல் போகாது. இதில் ஒன்றைக்கூட விட்டுவிட்டு யாரும் செய்யாதீர்கள்.

அடுத்து 50 ஹெர்ட்ஸ் இரைச்சல். மெயின் கரண்ட்டின் ஒரு சுற்று 20 மில்லி நொடி. சிக்னலை 20 மில்லி நொடிக்குச் சராசரி எடுத்தால் அது அடங்கிவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த வழி. ஆனால் மொத்தத் தாவலே 45 மில்லி நொடி. சராசரி எடுத்துக்கொண்டிருந்தால் கண் போய்ச் சேர்ந்துவிடும். எனவே இரைச்சலை அது பிறக்கிற இடத்திலேயே குறைக்க வேண்டியிருந்தது. எலெக்ட்ரோடு வயர்களை முறுக்கி, மூன்றாவது எலெக்ட்ரோடை காதுக்குப் பின்னால் எலும்பின் மேல் ஒட்டி பேட்டரிகளின் நடுப்புள்ளியோடு கட்டினேன். பிறகும் திரையில் முள் முள்ளாக ஒரு நடுக்கம். அது மின்விசிறியின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர். ஒவ்வோர் அரைச் சுற்றிலும் அலையை வெட்டுகிற டிரையாக் அந்த முள்ளைக் கொடுக்கிறது. ஃபேனை அணைத்தால் முள் போய்விடும். ஆனால் வேலூர் வெயிலில் ஃபேன் இல்லாமல் கால் மணி நேரம் உட்கார்ந்தால் எலெக்ட்ரோடுக்கு அடியில் வியர்வை ஊறி, சிக்னல் மேலும் கீழும் மிதக்கத் தொடங்கும். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து ஒட்டினாலும் சித்திரை, வைகாசியில் நிற்காது. விடியற்காலையில் செய்வதே வழி. எல்லாவற்றையும்விட நல்ல சிக்னல் கிடைத்தது தெருவுக்கே கரண்ட் போன ஒரு காலையில்தான். எங்கள் இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டேன். அதன் சதுர அலை மெயினைவிட மோசம். அன்று திரையில் ஓடிய கோடு அவ்வளவு சுத்தமாக இருந்தது, தாவலுக்குப் பின் கண் செய்யும் சின்னத் திருத்தம்கூடத் தனியாகத் தெரிந்தது.

பலகையை 57 செ.மீ. தள்ளி வைத்ததற்குக் காரணம், அந்தத் தூரத்தில் பட்டையின் 1 செ.மீ. ஏறக்குறைய 1 டிகிரிக்குச் சமம். கணக்குப் போட வேண்டிய தொல்லை இல்லை. எல்.இ.டி.க்களுக்குக் கறுப்புக் குழாயில் சின்ன மூடி போட்டேன், பக்கத்து ஓட்டையில் வெளிச்சம் கசியாமல்.

நிரல் நீளமானது அல்ல. ஒவ்வொரு மில்லி நொடிக்கும் ஒரு முறை சிக்னலைப் படிக்கிறது. பத்து மில்லி நொடிக்கு முந்தைய மதிப்போடு ஒப்பிடுகிறது. வித்தியாசம் ஆறு எண்ணைத் தாண்டினால், அதாவது வேகம் நொடிக்கு 100 டிகிரியைத் தாண்டினால், தாவல் தொடங்கிவிட்டது என்று முடிவுகட்டி விளக்கை மாற்றுகிறது. வடிகட்டியின் தாமதத்தையும் சேர்த்தால் கண் நகரத் தொடங்கி 15 மில்லி நொடி அளவில் மாற்றம் நடந்துவிடும். நடு விளக்கு எரிந்திருக்கும் நேரத்தை ஒவ்வொரு முறையும் ஏற்றி இறக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் உட்காருகிறவர் முன்கூட்டியே ஊகித்துத் தாவிவிடுவார். தாவலின் அளவை மட்டும் பிறகு நிதானமாகக் கணக்கிடலாம்: தாவலுக்கு முந்தைய 20 மில்லி நொடிச் சராசரி, இறங்கிய பிந்தைய 20 மில்லி நொடிச் சராசரி, இரண்டின் வித்தியாசம். இங்கே 20 எடுக்கலாம், அவசரம் இல்லை.

முதலில் உட்கார்ந்தது என் தங்கை மகள். சத்துவாச்சாரியிலிருந்து லீவுக்கு வந்திருந்தாள். ஒட்டிக்கொண்டிருந்தபோது பாட்டி (எங்களுக்கு ஆயா) வந்து பார்த்து, "இன்னாடா கண்ணு இது, நல்லா கீற புள்ளைக்கு ஒயரு ஒட்டி உக்கார வெச்சிக்கினு கீற?" என்றாள். விளக்கிச் சொன்னதும் அங்கேயே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

விளக்கை மாற்றாமல் முதல் சுற்று. 10-க்குத் தாவச் சொன்னால் கண் ஒன்பதரை அளவில் இறங்கி, கொஞ்ச நேரம் கழித்து மிச்சத்தைச் சின்னத் தாவலால் எட்டியது. இது இயல்பு. ஆரோக்கியமான கண்ணும் இலக்குக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் பாயும். அடுத்த சுற்றில் மாற்றம் தொடங்கியது. ஆரம்பத்தில் கண் ஒன்பதரைக்குப் போகிறது, விளக்கு 7-ல் இருக்கிறது, கண் பின்வாங்குகிறது. திரையில் ஒவ்வொரு தாவலுக்குப் பின்னும் ஒரு பின்னடி. போகப் போக அந்தப் பின்னடி குறுகியது. முதல் தாவலே ஒன்பது, எட்டரை, எட்டு என்று குறைந்துகொண்டே வந்தது. தனித்தனியாகப் பார்த்தால் ஏற்ற இறக்கம் நிறைய. இந்தக் கருவியில் ஒரு டிகிரிப் பிசகு சாதாரணம். பத்துப் பத்தாகச் சேர்த்துச் சராசரி எடுத்தால்தான் சரிவு தெளிவாகத் தெரிகிறது. முடிவில் எட்டுக்குச் சற்றுக் கீழே.

அவளிடம் விளக்கு இடம் மாறியதா என்று கேட்டேன். "எங்க எரிஞ்சுதோ அங்கயேதான் இருக்கு மாமா, எங்கயும் போகல" என்றாள். அவள் சொன்ன நேரத்தில் அவள் மூளை அந்த இடமாற்றத்தைக் கணக்கில் எடுத்து முடித்தே விட்டிருந்தது.

இங்கே ஒரு சந்தேகத்தைத் தீர்க்காமல் இந்த முடிவை நம்பக் கூடாது. கண்ணின் அந்தப் பேட்டரி நிலையானது அல்ல. இருட்டுக்குப் போனால் அதன் மின்னழுத்தம் முதல் எட்டுப் பத்து நிமிடங்களில் இறங்கும். வெளிச்சத்துக்கு வந்தால் ஏறும். விழித்திரையின் பின்னடுக்கு நன்றாக இருக்கிறதா என்று சோதிக்கக் கண் மருத்துவர்கள் இந்த ஏற்ற இறக்கத்தையே அளக்கிறார்கள்; ஆர்டன் 1962-ல் கொடுத்த முறை அது. ஆக, பட்டறைக் கதவைச் சாத்தி விளக்கணைத்ததும் அளக்கத் தொடங்கினால், கண் ஒழுங்காக 10 டிகிரி தாவினாலும் திரையில் தாவல் சுருங்குவதாகத் தெரியும். மூளை கற்றதா, பேட்டரி இறங்கியதா?

இரண்டு ஏற்பாடு செய்தேன். மங்கலான ஒரே அளவு வெளிச்சத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்த பிறகே தொடக்கம். அதைவிட முக்கியமானது இடப்பக்க விளக்கு. வலப்பக்கத் தாவல்களுக்கு நடுவே அவ்வப்போது இடது 10 எரியும். அதை ஒருபோதும் நகர்த்துவதில்லை. பேட்டரிதான் இறங்கியிருந்தால் இரண்டு பக்கமும் ஒரே விகிதத்தில் சுருங்க வேண்டும். இடப்பக்கம் ஒன்பதரையிலேயே நின்றது. வலப்பக்கம் மட்டும் இறங்கியது. இந்த வகைக் கற்றல் திசைக்குத் திசை தனி என்பதும் தெரிந்த விஷயமே. வலப்பக்கம் கற்றது இடப்பக்கத்துக்குப் பரவாது. என் கருவியின் பலவீனத்தைக் கண்டுபிடிக்க வைத்த விளக்கு, மூளையின் ஒரு குணத்தையும் சேர்த்தே காட்டிவிட்டது. மொத்த வேலையிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். இதைக் கட்டுகிற யாரும் இடப்பக்க விளக்கை விட்டுவிடாதீர்கள்.

இந்தத் திருத்தம் நடக்கும் இடம் சிறுமூளை. ஆப்டிகனும், கம்பிச்சுருள் வைத்து அளந்த அதே ராபின்சனும் 1980-ல் வெளியிட்ட ஆய்வில், சிறுமூளை நீக்கப்பட்ட குரங்குகளின் தாவல்கள் குறி தவறின. அதோடு, தவறுகளிலிருந்து திருத்திக்கொள்ளும் திறனும் போய்விட்டது. சிறுமூளையின் நடுப்பகுதியில் பின்புறமுள்ள சில மடிப்புகள்தான் தாவல்களுக்கு முக்கியம். அங்குள்ள பர்கின்ஜி செல் ஒவ்வொன்றுக்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மெல்லிய இணை நார்களிலிருந்து செய்தி வருகிறது. ஆனால் ஏறுநார் என்று சொல்லப்படும் நார் ஒரு செல்லுக்கு ஒன்றே ஒன்றுதான். மூளைத்தண்டில் ஆலிவ் எனப்படும் பகுதியிலிருந்து வருவது அது. இந்த ஒற்றை நார் கொண்டுவருவது பிழைச் செய்தி, அது வரும்போது இணை நார் இணைப்புகளின் வலு மாறுகிறது என்ற கருத்தை மார் 1969-லும், ஆல்பஸ் 1971-லும் முன்வைத்தார்கள். ஜப்பானில் இட்டோ சோதனைகளால் அதை வளர்த்தார். என் மொழியில் சொன்னால், திருகி அளவு மாற்றும் லட்சம் பிரிசெட்டுகள் உள்ள ஒரு போர்டு, அவற்றைத் திருப்ப ஒரே ஒரு திருப்புளி. பிழை, தாவல் முடிந்த கையோடு தெரிய வேண்டும். சில நூறு மில்லி நொடி தாமதித்துக் காட்டினாலே கற்றல் வலுவிழந்துவிடும்.

நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஆயா, "எனக்கும் இப்பிடித்தான் ஆச்சு" என்றாள். பல வருடங்களுக்கு முன் முகாமில் கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவள் அவள். அந்தக் காலத்தில் உள்ளே லென்ஸ் வைப்பதில்லை. சோடாப்புட்டிக் கண்ணாடிதான். "புதுசுல தலையத் திருப்புனா செவுரே கூட வரும்டா. வாசப்படி எங்க கீதுன்னே புரியாது. அப்பறம் போகப் போக சரியாப் பூடுச்சு."

அவள் சொன்னது வேறொரு கண்ணசைவு. உள்ளே நடக்கும் வேலை அதே குடும்பம். தலை வலப்பக்கம் திரும்பினால் கண் இடப்பக்கம் அதே அளவு சுழன்று படத்தை நிலையாக வைக்கிறது. காதுக்குள் இருக்கும் அரைவட்டக் குழல்கள் தலையின் சுழற்சியை உணர்ந்து, மூன்றே நரம்பு செல்களின் சங்கிலி வழியாகக் கண் தசைக்குச் சொல்லிவிடுகின்றன. பத்து மில்லி நொடி அளவில் கண் நகரத் தொடங்கிவிடும். பார்வைக்காகக் காத்திருப்பதில்லை. பிளஸ் பத்து பவர் கண்ணாடி படத்தைக் கால் பங்கும் அதற்கு மேலும் பெரிதாக்கும். அப்போது தலை 10 டிகிரி திரும்பினால் கண் 10 டிகிரி சுழல்வது போதாது, 12, 13 வேண்டும். பழைய அளவிலேயே சுழன்றால் மிச்சம் சுவரின் ஆட்டமாகத் தெரியும். பிழை தொடர்ந்து வர, சிறுமூளை அளவைக் கூட்டுகிறது, சுவர் நின்றுவிடுகிறது. புதுக் கண்ணாடி போட்ட முதல் சில நாள் தலை சுற்றுகிறது என்று எல்லோரும் சொல்வதில் இதற்கும் பங்கு உண்டு.

இதை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்று கோன்ஷரும் மெல்வில் ஜோன்ஸும் 1970-களில் பார்த்தார்கள். இடவலம் மாற்றிக் காட்டும் முப்பட்டகக் கண்ணாடியைச் சிலர் வாரக்கணக்கில் அணிந்தார்கள். தலை திரும்பும்போது கண் எதிர்ப்பக்கம் சுழலும் அந்த அனிச்சைச் செயல் முதலில் வற்றியது, பிறகு திசையே மாறிவிட்டது. பிறவியிலிருந்து இருக்கும் ஒரு அனிச்சைச் செயல் அது! வேலூரில் ஆரணி சாலையில் உள்ள ஷெல் கண் மருத்துவமனையைக் கடக்கும்போதெல்லாம் இப்போது எனக்கு இந்த நினைப்பு வருகிறது. 1902-ல் ஐடா ஸ்கடர் திறந்த சிறிய மருத்துவமனை அது, இன்று சி.எம்.சி.யின் கண் பிரிவு. வட ஆற்காட்டுக் கிராமங்களிலிருந்து கண் சரிசெய்துகொண்டு பஸ் ஏறுகிற ஒவ்வொருவருக்கும், மருத்துவர் வேலை முடிந்த இடத்திலிருந்து சிறுமூளையின் வேலை தொடங்குகிறது.

தசை பலவீனப்பட்டாலும் இதே கதைதான். சர்க்கரை நோய்க்காரர்களில் சிலருக்குக் கண்ணை வெளிப்பக்கம் இழுக்கும் தசைக்குப் போகும் நரம்பு திடீரென்று தளர்ந்து, ஒன்று இரண்டாகத் தெரியும். கோமெரெல் குழுவினர் 1976-ல் வெளியிட்டது இந்த நரம்பு தளர்ந்த நோயாளிகளைப் பற்றி. நல்ல கண்ணை மூடி, பலவீனமான கண்ணாலேயே பார்க்க வைத்தால், சில நாளில் மூளை உத்தரவை வலுவாக்கி அந்தக் கண்ணின் தாவலைச் சரிசெய்துவிடுகிறது. அதே உத்தரவு நல்ல கண்ணுக்கும் போவதால் மூடியின் உள்ளே அது இலக்கைத் தாண்டிப் பாய்கிறது. எந்தக் கண் பார்க்கிறதோ அதன் பிழையைத்தான் மூளை கேட்கிறது. எந்தக் கண்ணை எவ்வளவு நாள் மூடுவது என்பது மருத்துவர் முடிவு. நாமாகச் செய்யக் கூடாது.

10-லிருந்து 13-க்கு முன்னோக்கி நகர்த்தியும் பார்த்தேன். இன்னொரு எல்.இ.டி. பதித்தால் போதும். தாவல் நீள்கிறது, ஆனால் மிக மெதுவாக. குறைக்கக் கற்ற வேகத்தில் பாதிகூட இல்லை, முழுமையாகவும் போய்ச் சேரவில்லை. ஆய்வுகளிலும் எப்போதும் அப்படித்தான். குறைப்பதும் கூட்டுவதும் ஒரே பொறியின் இரண்டு பக்கங்கள் அல்ல என்று நினைக்க வைக்கிறது. கூட்டும் சோதனைக்குப் பொறுமையான ஆள் வேண்டும். கண் சோர்ந்தால் தாவல் வேகமும் குறையும். அதைக் கற்றலோடு சேர்த்து எண்ணிவிடக் கூடாது.

கடைசியாக ஒரு வேலை. சோதனை முடிந்ததும் எலெக்ட்ரோடைப் பிய்த்துவிட்டு ஆளை அனுப்பிவிடாதீர்கள். கற்றது கண்ணை மூடினால் மறைவதில்லை; இருட்டில் உட்கார்ந்தாலும் அப்படியே இருக்கும், அதில் ஒரு பங்கு, நாள் கடந்தும் மிஞ்சலாம். விளக்கை நகர்த்தாமல் அதே 10-க்கு மீண்டும் மீண்டும் தாவ வையுங்கள், வலப்பக்கச் சராசரி இடப்பக்கத்தோடு சேரும் வரை. தங்கை மகளுக்கு அது பழைய ஒன்பதரைக்குத் திரும்பியதைத் திரையில் பார்த்த பிறகுதான் எழுந்திருக்கச் சொன்னேன்.

இப்போது அந்த நாற்காலியில் ஆயா உட்காரக் காத்திருக்கிறாள். அவள் கண்ணாடியோடு 57 செ.மீ. கணக்குப் பொருந்தாது; லென்ஸின் பெருக்கத்தையும் சேர்த்துப் பலகையில் புது ஓட்டைகள் போட வேண்டும். அந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது.